கொருக்குப்பேட்டையில் ஒரு கூட்டணி ஆட்சி

குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் கூட்டணி ஆட்சி என்பது ஒன்றரை மார்க் சமாச்சாரம். கொருக்குப்பேட்டையில் நாங்கள் கூடிப் படிக்கும் இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஆடியே பார்த்துவிட்டோம்.

எடுத்துக்கொண்டது 2006 சட்டமன்றத் தேர்தல் முடிவு. மொத்தம் 234, பெரும்பான்மைக்கு 118. தி.மு.க. 96, காங்கிரஸ் 34, பா.ம.க. 18, மார்க்சிஸ்ட் 9, இந்திய கம்யூனிஸ்ட் 6. எதிரில் அ.தி.மு.க. 61, மற்றவர்கள் 10. ஆளுக்கொரு கட்சிச் சீட்டு. ரயில்வே கேட் போட்டதில் லேட்டாக வந்தவர்களுக்குச் சின்னக் கட்சிகள். எனக்குக் காங்கிரஸ்.

"34 பேர் இருக்கோம், பொதுப்பணித் துறை வேணும்" என்று ஆரம்பித்தேன். முதல்வராக இருந்த வியாசர்பாடி அண்ணன் பேசவேயில்லை. போர்டில் என் 34-ஐ அடித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டினார்: 129. "நீ இல்லாட்டியும் நிக்கும்பா."

டீ குடிக்கும்போது பா.ம.க. சீட்டு வைத்திருந்த தங்கச்சியிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் மட்டும் போனால் 145, ஆட்சி அசையாது. இரண்டு பேரும் சேர்ந்து போனால் 111. உள்ளே வந்து இதைச் சொன்னதும் அண்ணன் குரல் மாறிவிட்டது.

அதற்காகத் துறைகளை வாரி வழங்கவும் முடியாது. 2003-இல் வந்த அரசியலமைப்பின் 91-ஆவது திருத்தத்தின்படி அமைச்சரவை, சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; இங்கே முதல்வரையும் சேர்த்து 35 பேர். கடைசியில் நிஜத்தில் நடந்த வழிக்கே வந்தோம்: வெளியிலிருந்து ஆதரவு. மந்திரி பதவி கிடையாது, பழியும் கிடையாது. சாமர்த்தியம்தான், ஆனால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆளுநராக உட்கார்ந்திருந்த சார் ஆதரவுக் கடிதங்களில் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு, "சரி, பதவி ஏத்துக்கோங்க, பலத்தைச் சபையில காட்டுங்க" என்றார். எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு சொல்வதும் அதுதான்.

அடுத்த சுற்றில் நம்பிக்கை வாக்கெடுப்பு. நானும் தங்கச்சியும் கோஷம் போட்டு வெளிநடப்பு செய்தோம். வராந்தாவில் நிற்கும்போதே உள்ளே கைதட்டல். அரசியலமைப்பின் 189-ஆவது பிரிவுப்படி, வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். 111-க்கு எதிராக 71, அரசு ஜெயித்துவிட்டது. கவிழ்க்க வேண்டுமென்றால் உள்ளேயே உட்கார்ந்து எதிர்த்துப் போட்டிருக்க வேண்டும்: 71-உடன் எங்கள் 52-ம் சேர்ந்து 123.

"அ.தி.மு.க.வோட சேர்ந்து கை தூக்கணுமா? முடியாதுண்ணா" என்றாள் தங்கச்சி. நிஜத்தில் 2008-இல் பா.ம.க.வைத் தி.மு.க.வே கூட்டணியிலிருந்து வெளியேற்றியது. ஆட்சி 2011 வரை ஓடியது.