சாயம் போனது, உப்பு போகவில்லை

நேற்று திருப்பூரில் சித்தப்பா வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். சின்ன வயதில் நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது ஆறு இன்றைக்கு என்ன நிறம் என்று பஸ்ஸில் பந்தயம் கட்டுவோம். அதைச் சொன்னதும் சிரித்தார்.

"நிறத்தை விடு கண்ணு, ஆத்தக் கெடுத்தது உப்பு."

பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறங்களை விடக் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் மூட்டை மூட்டையாகப் போகும். அந்தத் தண்ணீர் அப்படியே நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. கிணற்றுத் தண்ணீரில் தென்னை கருகியது.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே முடங்கியது. சித்தப்பாவும் சில மாதம் வேலையில்லாமல்தான் இருந்தார். (அவர் முன்னால் இதை நல்ல தீர்ப்பு என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் நல்ல தீர்ப்புதான்.)

இப்போது ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கே விடுகிறார்கள். காய்ச்ச விறகு, கரண்டு என்று செலவு தனி. விலையைக் குறைக்கச் சொல்லும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அதெல்லாம் கணக்கில் வராது.

சரி, எல்லா உப்பும் திரும்பிவிடுகிறதா? இல்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு ஷெட்டில் மூட்டைகளாகக் கிடக்கிறது. "இதை எங்க கொண்டு போறது?" என்றேன். சித்தப்பா டீ சொல்லப் போய்விட்டார்.