பத்து நாய் சேர்ந்தால்தான் ஊசி

"இரண்டு கிழமைதான் அக்கா, ஆள் கிடைச்சதும் எடுத்திருவம். சாப்பாடும் மருந்தும் நாங்க தருவம்" என்று சொல்லித்தான் நாய்க் காப்பகத்தில் மூன்று குட்டிகளைக் கையில் தந்தார்கள். சாப்பாடு வந்தது. மருந்து வரவில்லை. இரண்டு கிழமை பதினொரு கிழமையானது.

அது மாரி காலம். மட்டக்களப்பு மாரியில் குட்டி எடுப்பது மடத்தனம் என்று இப்போது சொல்வேன். முற்றத்தில் வெள்ளம், குட்டிகள் விறாந்தையில், கழுவிப்போட்ட சாக்கு நாலு நாளாகியும் காயாது. வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டதற்கு "கொடுத்தாச்சு" என்றார்கள். எந்தத் தேதி, மருந்து எழுதின அட்டை எங்கே என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை விறாந்தையில் இடியப்பச் சிக்கல் மாதிரி வெள்ளையாக ஏதோ நெளிந்தது. அம்மா அதற்குப் பிறகு ஒரு மாதம் இடியப்பம் அவிக்கவில்லை.

உங்கள் வளவில் முன்பு பார்வோ என்ற வயிற்றோட்ட நோய் வந்து நாய் செத்திருந்தால் குட்டி எடுக்கவே வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், டெட்டோலுக்கு மசியாது. சீமெந்துத் தரையென்றால் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும்.

உண்மையான அலைச்சல் விசர்நோய்த் தடுப்பூசிக்குத்தான். குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆனதும் பிஸ்கட் பெட்டியில் போட்டு, ஓட்டோ பிடித்து, கொட்டும் மழையில் கல்லடிப் பாலம் தாண்டிப் போனேன். பாதி வழியில் பெட்டியின் அடி நனைந்து பிய்ந்தது. மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஊசி போடுகிற கந்தோரில் இறங்கினால், மேசையில் இருந்தவர் தலை நிமிராமல் "இண்டைக்கு இல்ல, மறுகா வாங்க" என்றார். மறுகாவும் போனேன். "மூண்டு குட்டிக்கு ஒரு போத்தலைத் திறக்க ஏலாது" என்றார். ஒரு போத்தலில் பத்து நாய்க்கு மருந்து இருக்கிறதாம், திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டுமாம். நியாயம்தான். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ஓட்டோக் காசு மிஞ்சியிருக்கும்.

"பத்தைச் சேருங்க, ஆள் அனுப்புறம்" என்றார். சேர்த்தேன். தேத்தண்ணிக் கடை அண்ணனின் கறுப்பன், பின்வீட்டு மாமாவின் பொமரேனியன், பேரில்லாத தெரு நாய்கள் என்று ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டேன். சொன்ன நாளில் ஊசியைக் கண்டதும் கறுப்பன் மதகுக்குள் புகுந்துகொண்டான். ஒன்பது! போத்தலைத் திறப்பதா விடுவதா என்று வந்தவர் யோசிக்கும்போது, முன்வீட்டு மாமி தன் பூனையை அரிசிப் பையில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டுக் கொண்டுவந்தா. "பூனைக்கும் போடலாந்தானே மகன்?" போடலாம். அதே மருந்துதான். அட்டைகளில் தேதியைப் பக்கத்தில் நின்று எழுதவைத்தேன், பட்டறிவு.

கடுவன் இரண்டும் அடுத்த கிழமையே போய்விட்டன. பெட்டையைத் தூக்கிப் பார்க்கிற எல்லாரும் முதலில் வாலைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். ஏறாவூரிலிருந்து வந்து கொண்டுபோனவர் நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார், "இது குட்டி போடும், தங்கச்சி." மகளுக்கு வீடு எழுதிக் கொடுக்கிற ஊரில் ஒரு பெட்டை நாய்க்குப் படுக்க மூலை இல்லை! குட்டி எடுக்கும்போதே காப்பகத்தாரிடம் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: ஆறு மாதத்தில் கருத்தடை செய்யக் காசு யார் தருவது? அந்தத் துண்டைக் காட்டினால் பாதிப் பேர் மனம் மாறுகிறார்கள். நான் அதைக் கேட்டு வாங்கியது பதினோராம் கிழமையில்தான்.

அதை எடுத்துப் போனது களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த குடும்பம். அம்மம்மா மட்டும் வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை. "பெட்டையா? பெட்டைதான் வளவு காக்கும், கொண்டாங்க" என்று தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டா. பஸ்ஸில் கொண்டுபோக என் கூட்டையும் கொடுத்துவிட்டேன். அடுத்த கிழமை திருப்பித் தருவோம் என்றார்கள்.

இன்னும் வரவில்லை. போன் எடுத்தால் குட்டி படம் அனுப்புகிறார்கள், அந்தக் கூட்டுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.