“அக்கவுண்ட்டை எடுத்துட்டு மறுபடி போடுங்க”

ஐடி ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கும் யாரிடமாவது போய் ஃபோனில் ஆபீஸ் காலண்டர் சிங்க் ஆகவில்லை என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் தலை நிமிராமலே சொல்வார்கள்: “அக்கவுண்ட்டை எடுத்துட்டு மறுபடி போடுங்க.” பல சமயம் அதிலேயே சரியாகியும் விடும். அதுதான் தொல்லை. எதனால் கெட்டது, எதனால் சரியானது என்று இரு தரப்புக்கும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் அதே புகாரோடு வந்து நிற்பார். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை முதல் வேலையாகச் சொல்லாதீர்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்லாத வாரம் இல்லை.

மெயில் வரவில்லை என்றால் அரை மணி நேரத்தில் சந்தேகம் வந்துவிடும். காலண்டர் அப்படியில்லை. சர்வரோடு தொடர்பு அறுந்துபோன பிறகும், ஏற்கெனவே ஃபோனில் இறங்கிய மீட்டிங்குகள் அதே கலரில் அதே இடத்தில் இருக்கும். கால் மணி நேரம் முன்னால் மணியும் அடிக்கும். புதிதாக வந்த அழைப்புகளும் நேரம் மாற்றியவையும்தான் வந்து சேராது. அதனால் எங்களிடம் வரும் புகார் பெரும்பாலும் காலண்டர் பற்றியதாகவே இருக்காது. “சொல்லாம கொள்ளாம மீட்டிங்கை மாத்திட்டாங்க” என்று யார் மீதாவது கோபமாகத்தான் வரும்.

எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு மேடம் அப்படித்தான் வந்தார். ஆடிட்டரோடு மூன்று மணிக்கு என்று இருந்த மீட்டிங் காலை பதினொன்றுக்கு மாறியிருந்தது. அவர் ஃபோனில் மட்டும் இன்னும் மூன்று மணி. எங்கள் டீம் பையன் ஃபோனை வாங்கி, செட்டிங்ஸில் அக்கவுண்ட்டை நீக்கும் இடம் வரை போய்விட்டான்.

“இருப்பா. மேடம், உங்க லேப்டாப்ல காலண்டரைத் திறங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம்” என்றேன் நான்.

பார்த்தோம். லேப்டாப்பில் இருந்து ஃபோனில் இல்லாதவை சில. அவற்றைப் பற்றிக் கவலையில்லை, எப்படியும் வந்துவிடும். ஆனால் ஃபோனில் இருந்து லேப்டாப்பில் இல்லாதவை அதைவிட அதிகம்! 7-ஆம் தேதி டிடிஎஸ் வரி கட்டுவது, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போவது என்று மேடமே நடக்கும்போதும் லிஃப்டிலும் ஃபோனில் போட்டு வைத்தவை. எல்லாம் ஆபீஸ் அக்கவுண்ட்டின் கீழ்தான் இருந்தன, ஆனால் ஒன்றுகூட சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் அக்கவுண்ட்டை நீக்கினால் அவையும் சேர்ந்து போய்விடும். அதன்பிறகு எந்த அட்மினாலும் மீட்க முடியாது, ஏனென்றால் சர்வர் அவற்றைப் பார்த்ததே இல்லை.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டோம். அப்புறம் நோட்டிஃபிகேஷன் பட்டையை இழுத்துப் பார்த்தால், தள்ளுபடி விளம்பரங்களுக்கும் ஓடிபி செய்திகளுக்கும் நடுவில் சாதுவாக ஒரு வரி: மீண்டும் உள்நுழையவும். மேடம் சில வாரங்களுக்கு முன் பாஸ்வேர்டு மாற்றியிருந்தார். அந்த வரியைத் தொட்டு, புதிய பாஸ்வேர்டு போட்டு, செல்ஃபோனில் வந்த எண்ணையும் கொடுத்ததும் எல்லாம் மேலே ஏறின. அக்கவுண்ட் இருந்த இடத்திலேயே இருந்தது.

பாஸ்வேர்டு மாற்றியது லேப்டாப்பில், ஃபோன் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முன்பெல்லாம் ஃபோன் நம் பாஸ்வேர்டையே வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சர்வரிடம் அதை நீட்டும். ஆபீஸ் மெயிலும் காலண்டரும் ஓடும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் அந்தப் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் 1 முதல் படிப்படியாக மூடியது. இப்போது நாம் ஒருமுறை லாகின் பக்கத்தில் அடையாளம் காட்டுகிறோம், ஃபோனுக்கு ஒரு டோக்கன், அதாவது தற்காலிக நுழைவுச் சீட்டு, கிடைக்கிறது. அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீர்ந்ததும் நமக்குத் தெரியாமலே புதியதை வாங்கிக்கொள்ள இன்னொரு டோக்கன் கூடவே இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினால் இந்த இரண்டாவது டோக்கன் செல்லாமல் போகும். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு டோக்கன் கலரை இடையில் மாற்றிய மாதிரி, பழையதை நீட்டினால் பந்தியில் விடமாட்டார்கள். ஃபோனை யாரும் திருடிவிட்டால் இதே வசதிதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்பதால் எனக்கு இதன்மேல் குறையில்லை. சத்தமில்லாமல் நிற்கிறதே என்பதுதான் குறை.

அந்த 2022 மாற்றத்தின்போது மட்டும் நீக்கிவிட்டுச் சேர்ப்பதே சரியான வைத்தியமாக இருந்தது. பல வருடங்களுக்கு முன் சர்வர் முகவரியெல்லாம் கையால் அடித்துச் சேர்த்த அக்கவுண்ட்டுகள் பழைய முறையிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. “பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன் சார், வாங்கவே மாட்டேங்குது” என்று அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் வாயில் அந்த வாக்கியம் ஒட்டிக்கொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். வியாதி போய்விட்டது, மருந்துச் சீட்டு மட்டும் இன்னும் கையில் இருக்கிறது.

எத்தனை முறை நீக்கிச் சேர்த்தாலும் தீராத ஒன்றும் உண்டு. ஐஃபோனின் சொந்தக் காலண்டரில் ஆபீஸ் அக்கவுண்ட்டைச் சேர்க்கும்போது பாஸ்வேர்டு எல்லாம் சரியாகப் போய், கடைசியில் அட்மின் அனுமதி தேவை என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். ஃபோன் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீசெட் பண்ணியவர்களே இருக்கிறார்கள். விஷயம் அவர்கள் கையில் இல்லவே இல்லை. யார், எந்த ஆப் உள்ளே வரலாம் என்று அட்மின் தீர்மானிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா பக்கத்தில், ‘ஆப்பிள் இன்டர்நெட் அக்கவுண்ட்ஸ்’ என்ற பெயரில் ஐஃபோன் காலண்டர் ஒரு வெளி ஆப்பாகத்தான் தெரியும். அட்மின் ஒருமுறை மொத்த நிறுவனத்துக்கும் சம்மதம் கொடுத்தால் முடிந்தது. கொடுக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் கொள்கை என்றால் அவுட்லுக் ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். இரண்டில் எது என்பதை ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவருடைய ஒரு சாயங்காலம் மிஞ்சும்.

பழைய மீட்டிங் எல்லாம் அழிந்துவிட்டன என்று பதறி வருபவர்களுக்கு எதையும் தொட வேண்டியதில்லை. ஐஃபோன் காலண்டர் செட்டிங்ஸில் எவ்வளவு பின்னால் வரை காட்டுவது என்று ஓர் இடம் இருக்கிறது, அது ஒரு மாதத்தில் நிற்கும். ஆண்ட்ராய்டில் புதியவை வரவில்லை என்றால், பேட்டரி சேமிப்பு பின்னணியில் ஓடும் சிங்கை நிறுத்தி வைத்திருக்கலாம். ஆபீஸ் காலண்டரின் லிங்க்கை எடுத்துத் தன் சொந்த கூகுள் காலண்டரில் ஒட்டிவிட்டு ‘கனெக்ட் பண்ணிட்டேன்’ என்பவர்களும் உண்டு. அது ஒருவழிப் பாதை. மாற்றங்கள் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. காலையில் மாற்றிய மீட்டிங்குக்கு அதை நம்பினால் ராத்திரிதான் தெரியவரலாம்.

இணைப்பில் ஒரு கோளாறும் இல்லாமலே டிக்கெட்டுகள், அதாவது புகார்ப் பதிவுகள், குவியும் காலம் என்றால் மார்ச்சும் நவம்பரும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை. நியூயார்க்கில் காலை பத்து மணிக்கு என்று அங்கிருப்பவர் போட்ட மீட்டிங், குளிர்காலத்தில் நம் ஃபோனில் இரவு 8:30 என்று காட்டும், மார்ச்சுக்குப் பிறகு 7:30. “காலண்டர் ஒரு மணி நேரம் தப்பாக் காட்டுது” என்று அந்தத் திங்கட்கிழமை வருபவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: மீட்டிங்கைப் போட்டது யார்? அவர்கள் போட்டிருந்தால் நேரம் நமக்கு மாறும், காலண்டர் சரியாகத்தான் காட்டுகிறது. நாம் போட்டிருந்தால் நமக்கு 8:30 அப்படியே இருக்கும். அவர்களுக்குப் பத்து, பதினொன்றாகிவிடும். அந்த டிக்கெட் அங்கே இருக்கும் ஹெல்ப்டெஸ்க்குக்குப் போகும்.