ஸ்கல் அண்ட் போன்ஸ்: கடல் அழகு, கரை காலி
நம்ம சிங்கப்பூர் ஸ்டூடியோ முன்ன நின்னு செஞ்ச கேம்னு ரொம்ப ஆசையா ஆரம்பிச்சேன், 2017ல அறிவிச்சது 2024 பிப்ரவரிலதான் கைக்கே வந்துச்சு. கடல் இருக்கே, புயல்ல அலை மலை மாதிரி எழும்பி கப்பலைத் தூக்கிப் போடுறப்போ, பக்கவாட்டுல பீரங்கி வரிசையா வெடிக்கிறப்போ, ஆளுங்க பாடிக்கிட்டே பாய் விரிக்கிறப்போ, எனக்கு வேற எந்த கேம்லயும் இப்படி ஒரு உணர்வு வந்ததில்ல. ஆனா எதிரிக் கப்பல்ல ஏறுற இடத்துல நாமதானே வாளெடுக்கணும், அதை ஒரு குட்டி வீடியோவா காட்டி முடிச்சுட்டாங்க. கடற்கொள்ளைக்காரன் கேம்ல இது சின்ன குறை இல்லைங்க. கரையில இறங்குனா பேச்சும் வியாபாரமும்தான். பத்துக்கு ஆறரை குடுப்பேன், அதுல பெரும்பங்கு கடலுக்கு. நேத்து தம்பியும் நானும் ரெண்டு கப்பலா சேர்ந்து ஒரு கோட்டையை அடிச்சோம், முடிக்கிறப்போ மணி ரெண்டு.