அறுபத்தொன்பதும் எழுபதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் 11 ஆண்டுகள் விண்ணப்பங்களைச் சரிபார்த்து வந்தேன். மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் மதிப்பெண்களைப் பாடவாரியாக ஒன்று முதல் ஏழு வரையிலான புள்ளிகளாக மாற்றிக் கூட்டுவது அங்கே அன்றாட வேலை. 60 முதல் 69 வரை ஐந்து புள்ளி. 70 எடுத்தால் ஆறு.

ஒரு ஜனவரியில் டர்பனை அடுத்த இனாண்டாவிலிருந்து ஒரு மாணவி தன் தாயுடன் வந்தாள். மழையில் நனையாதிருக்க மதிப்பெண் பட்டியலை ரொட்டிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கணிதத்தில் 69, அதனால் மொத்தத்தில் ஒரு புள்ளி குறைந்தது. பள்ளிகளை வறுமை அளவுப்படி அரசு பிரித்திருக்கும் ஐந்து நிலைகளில் அவளுடைய பள்ளி முதலாவது, அதாவது மிக வறியது. பதினோராம் வகுப்பில் பல மாதங்கள் கணித ஆசிரியரே இல்லை என்று தாய் சொன்னார். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னேன். அதன் முடிவு வருவதற்குள் இடங்கள் நிரம்பிவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தாய் பட்டியலைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார்.

இருந்தாலும், தேர்வையே நீக்கிவிட வேண்டும் என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நிறவெறி அரசின் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மற்ற இனத்தவருக்கு வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவு அடைபட்ட பிறகு, இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்ட கல்லூரியில் சேர்ந்து, டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவுக்குப் படகில் போய்ப் படித்தவர் என் பெரியப்பா. அவர் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்பது அன்று ஒரு பொருட்டாகவே இல்லை. சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைக்கு மதிப்பெண்தான் துணை. ஆனால் இனத்தைப் பார்க்காத அந்த எண், ஆசிரியர் இல்லாத வகுப்பறையையும் பார்ப்பதில்லை.

சில படிப்புகளுக்கு, மெட்ரிக் போக, தேசிய அளவுகோல் தேர்வு (National Benchmark Test) என்ற தனித் தேர்வும் கேட்கிறார்கள். அதை ஆங்கிலத்திலோ ஆப்பிரிக்கான்ஸிலோ மட்டுமே எழுத முடியும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் இடத்தில் ஆங்கில வாசிப்பைச் சோதிப்பதில் நியாயம் உண்டு. ஆனால், வீட்டில் ஜூலு பேசி வளர்ந்த பிள்ளை அதில் குறைவாக எடுத்தால், கூடுதல் வகுப்பு கொடுத்துக் கைதூக்கிவிடத்தான் அந்த முடிவு பயன்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு புள்ளியில் தவறும் விண்ணப்பங்களைத் தனியே எடுத்து, பள்ளியின் நிலையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டேன். மறு ஆண்டு அதற்கென ஒரு கோப்பு திறந்தார்கள். இனாண்டா மாணவியின் விண்ணப்பம் முந்தைய ஆண்டினது. அது அந்தக் கோப்பில் சேரவில்லை.