புஷ் பாட்டுகளை எந்த அலமாரியில் வைப்பது?

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் பொது நூலகத்தில் எனக்கு வேலை. முதியவர்கள் பெரிய வீட்டைக் காலிசெய்து சிறிய இடத்துக்குப் போகும்போதும், அவர்கள் காலமானபின் பிள்ளைகள் வீட்டை விற்கும்போதும் அட்டைப்பெட்டிகளில் புத்தகங்கள் எங்களிடம் வந்து சேரும். பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை ஓரளவு சொல்லிவிடலாம். சமையல், தோட்டம், உலகப்போர் வரலாறு, அடியில் ஆஸ்திரேலியக் கவிஞர் பான்ஜோ பேட்டர்சன் புத்தகம் ஒன்று. பல சமயம் துணைக்கு ஹென்றி லாசன். வேறு எந்தக் கவிஞரும் அந்த வீட்டுப் படியை மிதித்ததற்கான தடயம் இருக்காது. பேட்டர்சன் மட்டும் பள்ளிப் பரிசுச் சீட்டோடும், தேநீர்க் கறையோடும், முதுகுத்தாள் கிழிந்தும் இருப்பார். அப்படி வந்த ஒரு பிரதியில் வரிகளுக்கு நடுவே பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். சபையில் ஒப்பிப்பவர் எங்கே மூச்சு வாங்கலாம் என்று குறித்துக்கொண்டவை அவை.

இந்தப் புத்தகங்களுக்கு எண் போடுவதில்தான் எங்களுக்குள் வழக்கு. டியூயி தசம முறையில் ஆங்கிலக் கவிதைக்கு எண் 821. ஆஸ்திரேலிய நூலகங்கள் பல, தம் நாட்டுக் கவிதையைத் தனியே காட்ட முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து ஏ821 என்று போடும். நாட்டார் வழக்காறு 398க்குப் போகும். பாட்டு என்றால் இசைப் பகுதி, 780களில் எங்காவது. பேட்டர்சன் எழுதிய கவிதைகள் ஏ821 என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதே பேட்டர்சன் 1905இல் தொகுத்து வெளியிட்ட பழைய புஷ் பாட்டுகள்? நகரத்துக்கு வெளியே விரிந்துகிடக்கும் நிலத்தையெல்லாம் இங்கே புஷ் என்றே சொல்லிவிடுவார்கள். அங்கே கைதிகளும் ஆட்டு ரோமம் கத்தரித்தவர்களும் மாடு ஓட்டியவர்களும் பாடியவை அவை. பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. இசைப் பகுதிதான் என்கிறார் என் சக ஊழியர். கவிதை என்பது என் கட்சி.

என் கட்சிக்குக் காரணம் இருக்கிறது. எழுதிய கவிதை, பாடிய பாட்டு என்று கோடு கிழித்தால் முதலில் பேட்டர்சனையே எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தெரியாமல் போகும். அவர் 1864இல் பிறந்து, பண்ணையில் வளர்ந்து, சிட்னியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். பான்ஜோ என்பது குடும்பத்தார் வைத்திருந்த ஒரு குதிரையின் பெயர். 1880இல் தொடங்கிய ‘தி புல்லட்டின்’ என்ற வார இதழில் அந்தப் பெயரில் ஒளிந்துகொண்டு எழுதினார். 1889இல் வந்த ‘கிளான்சி ஆஃப் தி ஓவர்ஃப்ளோ’ முளைத்ததே ஒரு வக்கீல் கடிதத்திலிருந்துதான். கடன் பாக்கி வைத்திருந்த ஒருவருக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போகிறது. ஆள் குவீன்ஸ்லாந்துப் பக்கம் மாடு ஓட்டிப் போய்விட்டார், எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்று இலக்கணப் பிழையோடு பதில் வருகிறது. கவிதையில் அந்தப் பதில், கட்டைவிரல் நகத்தைத் தாரில் தோய்த்து எழுதியதுபோல் இருக்கிறது. அதைப் படிக்கும் குமாஸ்தா, புழுதியும் நாற்றமும் நிறைந்த தன் சிற்றறையில் உட்கார்ந்து, வானம் பார்த்துப் படுக்கும் கிளான்சியை நினைத்து ஏங்குகிறான். இடம் மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கிறான். ஆனால் கிளான்சி இந்த ஆபீசுக்குச் சரிப்படமாட்டான் என்று சந்தேகப்பட்டுக் கவிதை முடிகிறது.

புஷ் கதைப்பாடல்களின் உச்சம் என்று போற்றப்படும் இந்தக் கவிதையில் பாதிக்குமேல் ஓர் அலுவலக மேசையின் புலம்பல். நகரத்துக்கு வெளியே விரிந்துகிடக்கும் நிலத்தையெல்லாம் இங்கே புஷ் என்றே சொல்லிவிடுவார்கள். புஷ் நிலத்தைப் பற்றிய கனவுக்கு மிகப் பெரிய சந்தை நகரத்தில்தான் இருந்தது. மேசையில் கோப்புகளுக்கு நடுவே நானும் நாளைக் கடத்துபவன் என்பதால், கிளான்சியைவிட அந்தக் குமாஸ்தாதான் எனக்கு நெருக்கம்.

இந்தக் கனவை முதலில் உரித்தவர் லாசன். 1867இல் தங்கவயல் ஊரான கிரென்ஃபெலில் பிறந்தவர், சிறுவயதிலேயே காது மந்தமாகிவிட்டவர், ஏழை. 1892இல் அவரும் பேட்டர்சனும் ‘தி புல்லட்டின்’ பக்கங்களில் செய்யுளாலேயே மோதிக்கொண்டார்கள். புஷ் என்பது வெயிலும் ஈயும் வறட்சியும்தான், நீங்கள் பாடும் சொர்க்கம் அங்கே இல்லை என்றார் லாசன். நகரத்துக்கே போய் இரு, உனக்கு அதுதான் லாயக்கு என்ற தொனியில் பேட்டர்சன் திருப்பிக் கொடுத்தார். இருவருக்கும் நாலு காசு கிடைக்கும் என்று லாசனே யோசனை சொல்லி நடத்திய சண்டை அது என்று பிற்காலத்தில் பேட்டர்சன் எழுதினார். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. எழுத்துக்குக் கூலி கொடுத்த ஒரு வார இதழ் இல்லாவிட்டால் இந்தப் பாரம்பரியமே இல்லை. இதழாசிரியர் ஆர்ச்சிபால்ட் அதே ஆண்டில் லாசனின் கையில் 5 பவுண்டும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து பர்க் என்ற ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்து ஹங்கர்ஃபோர்டு வரை 200 கிலோமீட்டருக்கும் மேல், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கொளுத்தும் வெயிலில் நடந்தார் லாசன். அந்த நடையின் பலன் அவருடைய சிறுகதைகளில்தான் முழுமையாக இறங்கியிருக்கிறது. செய்யுளில் லாசன் அழுவார். கதையில் அழுகையை அடக்கிக்கொள்வார், நமக்குத் தொண்டை அடைக்கும்.

நூலகத்தில் மாதாந்திர வாசிப்புக் கூட்டம் ஒன்று உண்டு. ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வருவார். புத்தகம் எடுத்துவரமாட்டார். ‘தி மேன் ஃப்ரம் ஸ்னோயி ரிவர்’ முழுவதும் அவருக்கு மனப்பாடம். பந்தயக் குதிரையின் குட்டி காட்டுக்குதிரைக் கூட்டத்தோடு ஓடிவிடுகிறது. பேர்பெற்ற சவாரிக்காரர்கள் எல்லாரும் மலைச்சரிவில் தயங்கி நிற்க, ஒல்லிக் குதிரையில் வந்த ஓர் இளைஞன் மட்டும் கீழே பாய்கிறான். அந்த இடம் வரும்போது கிழவரின் கட்டைவிரல் மேசையில் தாளம் போட ஆரம்பிக்கும். சரிவு முழுவதும் மூச்சு வாங்காமல் சொல்வார், அடிவாரம் வந்ததும்தான் தண்ணீர் குடிப்பார். திருப்புகழ்ச் சந்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. பொருள் பிந்தி வந்தாலும் ஓட்டம் முந்தி வந்துவிடும். 1890இல் இதழில் அச்சாகி, 1895இல் புத்தகமானபோது முதல் பதிப்பு ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்ததன் ரகசியம் அந்தக் கட்டைவிரலில் இருக்கிறது.

பல்கலைக்கழகக் கவிதை விமரிசகர்கள் பலருக்கு இந்த ஓட்டம்தான் உறுத்தல். இதைச் செய்யுள் என்பார்கள், கவிதை என்று சொல்ல மனம் வராது. தேசியக் கவிதைத் தொகுப்புகளில் மரியாதைக்கு ஒன்றிரண்டு சேர்ப்பார்கள். ஆனால் அரசாங்கம் அவர்களைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. 1922இல் லாசன் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. 1966இல் வந்த முதல் பத்து டாலர் நோட்டில் லாசன், 1993 முதல் பேட்டர்சன். வாசகர் நகல் எடுக்கக் கட்டணமாகக் கொடுக்கும் நோட்டில், குதிரை வீரன் படத்தோடு, உருப்பெருக்கி வைத்தால் மட்டுமே தெரியும் பொடி எழுத்தில் கவிதை வரிகள் இருக்கின்றன. கள்ளநோட்டைத் தடுக்கக் கவிதையை நிறுத்திய நாடு என்று இதைக் கொஞ்சம் கர்வத்தோடு ஊர் நண்பர்களிடம் சொல்வேன்.

நோட்டின் மறுபுறத்தில் கவிஞர் மேரி கில்மோர். கதைப்பாடல்களுக்குள்ளே பெண்களுக்கு இத்தனை சரிபாதி கிடையாது, பெரும்பாலும் காத்திருப்பார்கள், அல்லது இருக்கவே மாட்டார்கள். பூர்வகுடி மக்கள் இன்னும் மோசம். வடக்கே மாட்டுப்பண்ணைகள் பலவற்றைத் தூக்கி நிறுத்தியவர்கள் பூர்வகுடி மாடோட்டிகள், பலருக்குக் கூலி இல்லை, வெறும் ரேஷன். அவர்களுடைய உழைப்பைக் குதிரைமேல் ஏற்றிப் பாடிய பாரம்பரியம் அவர்களை ஓரத்தில் நிறுத்தியது. ஆனால் 1964இல் ஊஜரூ நூனுக்கால், அப்போது கேத் வாக்கர், பூர்வகுடிக் கவிஞர் ஒருவரின் முதல் கவிதை நூலாகத் தன் நூலை வெளியிட்டபோது, பல கவிதைகளுக்குத் தேர்ந்தது எளிய எதுகையும் ஓடும் சந்தமும் கொண்ட இதே வடிவத்தைத்தான். இது கவிதையா என்று அவரையும் கேட்டார்கள். வாசகர்கள் வாங்கித் தீர்த்தார்கள். எங்கள் ஏ821 வரிசையில் பேட்டர்சனுக்குச் சில புத்தகங்கள் தள்ளி அவர் நிற்கிறார். பேட்டர்சனைக் கேட்டு வரும் பள்ளி மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே எடுத்துக் கொடுக்கிறேன்.

தமிழ்ச் செய்தித்தாள் படிக்க வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இந்த வழக்கைக் கேட்டுச் சிரித்தார். “தம்பி, மாடு மேய்த்ததற்கெல்லாம் நோட்டில் படம் போட்டிருக்கிறார்களே!”

“மேய்த்தவருக்கு இல்லை ஐயா, அதை ஆபீசிலிருந்து பாடின வக்கீலுக்கு” என்றேன்.

“அப்படியென்றால் சரி, அது எல்லா ஊரிலும் உள்ளதுதானே.”

கட்டபொம்மன் கதைப்பாடலைப் பாடியவர் பெயர் நமக்குத் தெரியாது. நா. வானமாமலை பதிப்பித்ததால் அது ஆய்வாளர் கைக்கு வந்தது, ஆனாலும் பல்கலைக்கழகத்தில் அதன் இருப்பிடம் இன்னும் நாட்டார் வழக்காற்றியல்தான். நாங்கள் இங்கே வாதாடுவதும் அதே எல்லைத் தகராறு.

இந்தத் தகராறுக்குச் சரியான சாட்சி ‘வால்ட்ஸிங் மட்டில்டா’. 1894இல் ஆட்டுரோமம் கத்தரிப்பவர்களின் வேலைநிறுத்தத்தில் குவீன்ஸ்லாந்தின் டாக்வர்த் பண்ணைக் கொட்டகை எரிக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே விருந்தாளியாகப் போன பேட்டர்சன், கிறிஸ்டினா மெக்பெர்சன் காதில் கேட்டு நினைவில் வைத்து வாசித்த மெட்டுக்கு வார்த்தை போட்டார். ஆடு திருடிய நாடோடி, போலீஸ் கையில் சிக்குவதைவிடக் குளத்தில் குதிப்பதே மேல் என்று சாகிறான். 1977இல் தேசியப் பாடலுக்கு மக்களிடம் வாக்கெடுத்தபோது இது இரண்டாம் இடத்துக்கு வந்தது. எழுதியவர் பெயர் தெரியும், ஆனால் பாடுபவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. இதற்கு எந்த எண் போடுவது?

கடைசியில் மேலாளர் தீர்ப்புச் சொன்னார். 1905 தொகுப்பு இசைப் பகுதிக்குப் போனது, எனக்குத் தோல்வி. அங்கே கிட்டார் வாசிக்கிற இளைஞர்கள் அதை மாறிமாறி எடுத்துப்போகிறார்கள். அலமாரியில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. இன்னொரு பிரதி வாங்க விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், எண் என்ற கட்டத்தில் ஏ821 என்று நானே எழுதி.