தீர்த்தன் ஆத்துல அஞ்சு நாளும் ஒரு சேவல் இறகும்

தாமிரபரணிக் கரையில பொறந்தவனுக்கு தூண்டில் போட யாரும் தனியா சொல்லித்தர வேண்டியதில்ல. கல்லிடைக்குறிச்சி பக்கம் கன்னடியன் கால்வாய் ஓரமா எங்க சித்தப்பா கூட உக்காந்து, மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டுல தக்கை, சிரட்டையில ஈர மண்ணும் மண்புழுவும், கோடை லீவுன்னா எனக்கு இதுதான். தக்கை ஒரு முங்கு முங்குச்சுன்னா வெடுக்குன்னு சுண்டி இழுக்கணும், கொஞ்சம் அசந்தா கெண்டை புழுவ உருவிட்டு போயிரும். அந்த சுண்டு முப்பது வருஷமா என் மணிக்கட்டுலயே தங்கிருச்சு. அத மறக்குறதுக்கு, ட்ரௌட்னு ஒரு குளிர்தண்ணி மீன ஃப்ளை ஃபிஷிங்ல பிடிக்க இமாச்சல் வரைக்கும் போக வேண்டி வந்துச்சு, அந்தக் கதைதான் இது.

ஃப்ளை ஃபிஷிங் தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். சாதாரண தூண்டில்ல ஈயக்குண்டோட எடைதான் நரம்ப தூரத்துக்கு இழுத்துட்டு போகும். ஃப்ளைங்குறது முள்ளு மேல இறகும் முடியும் நூலும் சுத்தி பூச்சி மாதிரி கட்டினது, அதுக்கு கிட்டத்தட்ட எடையே கிடையாது, ஒரு கொசுவ எடுத்து அம்பது அடி எறின்னா எறிய முடியுமா? அதனால இங்க லைனுக்குத்தான் எடை. தடியா, பூச்சு போட்ட லைன், அத பின்னாடி வீசி, அது காத்துல முழுசா நீண்டு விரியுற வரைக்கும் நின்னு, அப்புறம் முன்னாடி தள்ளணும். லைன் சுருண்டு போய் விரிஞ்சு கடைசில அந்த பூச்சி தண்ணி மேல வந்து உக்காரும். சரியா வந்துச்சுன்னா சத்தமே இருக்காது. ஒம்போது அடி ராட், அதாவது தூண்டில் கம்பு, எடையில அஞ்சாம் நம்பர் லைன், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி முள்ளுக்கு பதிலா சின்ன கம்பளி நூல் கட்டி சென்னையில ஒரு கிரவுண்டுல விடிகாலைல ரெண்டு வருஷம் வீசிப் பழகினேன். வாக்கிங் வர்ற பெரியவர் ஒருத்தர் தினமும் நின்னு பாத்துட்டு, ஒரு நாள் "தம்பி, பின்னாடி போறப்போ அவசரப்படுறீங்க"ன்னாரு. அவரு சொன்னது ரொம்ப சரி.

ஏப்ரல் முதல் வாரம் கெளம்பினேன். டெல்லியிலேர்ந்து மணாலி போற ராத்திரி பஸ், விடிஞ்சதும் ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னாடியே இறங்கிடணும், தூங்கிட்டா மூணு கிலோமீட்டர் மலைக்குள்ளயே போய் அந்தப் பக்கம் வந்துருவீங்க. அங்கேர்ந்து லார்ஜி, பஞ்சார், அப்புறம் குஷைனி. லார்ஜிகிட்ட பியாஸ் ஆத்துல வந்து சேர்ற ஆறு தீர்த்தன், ரோடு அத ஒட்டியே மேல ஏறுது. ஜீப்ல ஜன்னல் பக்கம் உக்காந்து பாத்தப்போ முதல்ல நம்பவே முடியல, பச்சைக் கண்ணாடிய உடைச்சுப் போட்ட மாதிரி தண்ணி, பன்னெண்டு அடி ஆழத்துல கெடக்குற கல்லு கூட ஒவ்வொண்ணா தெரியுது. ஆப்பிள் மரமெல்லாம் பூ விட்டிருந்துச்சு.

கூட வந்த கைடுக்கு அறுபது வயசு இருக்கும், அந்தப் பக்கம் எல்லாரும் அவர சாச்சான்னுதான் கூப்பிடுறாங்க, சாச்சான்னா நம்ம சித்தப்பா. மீன்வளத்துறை பெர்மிட் எடுத்தாச்சு, நான் பரபரன்னு ராட பூட்டி லைன கோத்துட்டு நிக்கிறேன், அவரு கண்டுக்கவே இல்ல. பேண்ட்ட சுருட்டிட்டு தண்ணில இறங்கி ஒரு கல்ல தூக்கி திருப்பி என் மூஞ்சிகிட்ட காட்டுனாரு. கல்லோட அடில ஏதோ நெளியுது. தட்டையா மூணு வாலோட ஒண்ணு, அது மேஃப்ளைங்குற பூச்சியோட குஞ்சு. பக்கத்துல அரை இஞ்சுக்கு மண்ணால செஞ்ச குழாய் மாதிரி ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு, நான் வெறும் குப்பைன்னு நெனச்சேன். உள்ளங்கையில கொஞ்சம் தண்ணியோட அத விட்டு "ருக்கோ"ன்னாரு, பொறுன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் கழிச்சு அந்தக் குழாயிலேர்ந்து கருப்பா ஒரு தலை, ஆறு கால், மெல்ல வெளிய வந்து வீட்டத் தூக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுது. கேடிஸ்னு ஒரு பூச்சியோட புழு. வாயிலேர்ந்து பட்டு மாதிரி ஒரு இழை விட்டு மணல ஒண்ணு ஒண்ணா ஒட்டி வீடு கட்டிக்குமாம். அந்த வீட்ட நான் ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னேன், ஒவ்வொரு மணலும் அளவெடுத்த மாதிரி, ஒண்ணு மைக்கா போல மின்னுது, ஒண்ணு கருப்பு, நடுவுல இடைவெளியே இல்ல. தட்டான் வேலை செய்றவங்க கூட அப்படி பதிக்க முடியுமான்னு தெரியல.

"மீன் என்ன சாப்பிடுதுன்னு பாக்காம டப்பாவ தொறக்காதே"ன்னு சாச்சா சொன்னாரு. அதுக்கப்புறம்தான் என் ஃப்ளை டப்பாவ தொறந்து ஃபெசன்ட் டெயில்னு ஒரு நிம்ஃப, அதாவது தண்ணிக்குள்ள இருக்குற பூச்சிக் குஞ்சு மாதிரி கட்டின ஃப்ளைய, எடுத்துக் குடுத்தாரு. இத உருவாக்கினது ஃபிராங்க் சாயர், இங்கிலாந்துல ஏவன் ஆத்துக்கு காவல்காரரா இருந்தவரு, நூலே இல்லாம ஃபெசன்ட்ங்குற பறவையோட வால் இறகையும் மெல்லிசு செம்புக் கம்பியையும் மட்டும் வச்சு கட்டுனாரு. கம்பிதான் நூலு, அதுதான் எடை, தண்ணிக்குள்ள மின்னுறதும் அதுதான். வாழ்நாள் பூரா ஒரே ஆத்தோரம் நடந்த ஒருத்தருக்குத்தான் இவ்வளவு எளிமையா ஒண்ணு தோணும்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

முதல் ரெண்டு நாள் ஒண்ணுமே மாட்டல. மீன் இருக்கு, கண்ணுக்குத் தெரியுது, பாறைக்குப் பின்னாடி ஓட்டத்த எதிர்த்து மூஞ்சிய வச்சுட்டு வால லேசா ஆட்டிட்டு நிக்குது. எப்பவும் ஆத்தோட மேல்பக்கம் பாத்துத்தான் நிக்கும், சாப்பாடு அந்தப் பக்கமிருந்துதானே மிதந்து வருது, அதனால நாம கீழேர்ந்து அதோட முதுகுப் பக்கமா போகணும். நானும் போனேன், வீசுனேன், ஃப்ளை அழகா விழுந்துச்சு, மீன் ஒரு தடவ மேல வந்து பாத்துட்டு திரும்பிப் போயிருச்சு. திரும்பவும் அதே. சாச்சா கரையில உக்காந்து பீடி பத்தவச்சுட்டு லைன கையால காட்டுனாரு.

இங்கதான் விஷயமே இருக்கு. ஆத்துல தண்ணி ஒரே வேகத்துல ஓடுறதில்ல. நடுவுல பாய்ச்சல், ஓரத்துல நடை, பாறைக்குப் பின்னாடி கிட்டத்தட்ட நிக்குது. என் ஃப்ளை கெடக்குறது நிக்கிற தண்ணியில, லைன் கெடக்குறது பாயுற தண்ணியில, அப்போ லைன் ஓடி ஃப்ளைய தரதரன்னு இழுக்குது, அது பின்னாடி ஒரு கோடு விழுது. எந்தப் பூச்சியும் அப்படிப் போகாது. எவ்வளவு நல்லா கட்டின ஃப்ளையா இருந்தாலும் சரி, பக்கத்துல மிதக்குற நுரை என்ன வேகத்துல போகுதோ அதே வேகத்துல அதுவும் போகணும், ஒரு முடியளவு கூடினாலும் ட்ரௌட் கண்டுபிடிச்சிரும். இதுக்குப் பேரு டிராக். இத சரி பண்ண, லைன் விழுந்த உடனே நடுப்பகுதிய மட்டும் மெல்லத் தூக்கி ஓட்டத்துக்கு எதிரா மேல எடுத்து வைக்கணும், நுனி அசையக்கூடாது. மெண்டிங்னு சொல்லுவாங்க. எழுதிட்டேன், ஒரே வரியில முடிஞ்சிருச்சு. ஆத்துல மூணாவது நாள் மத்தியானம் வரைக்கும் ஆச்சு எனக்கு.

மத்தியானத்துக்கு மேல வேற ஒரு பிரச்சினை. காலைல பளிங்கா இருந்த தண்ணி வெயில் ஏற ஏற மேல பனி உருகி சாயங்காலம் சாம்பல் பச்சையாயிரும், தண்ணி மட்டம் ஒரு சாண் கூடிரும், காலைல நின்ன கல்லு முழுகிப் போயிருக்கும். ஜூலை ஆகஸ்ட்ல யாரும் கெளம்பிராதீங்க, மழையில அது வேற ஆறு. மார்ச் ஏப்ரல், இல்லன்னா செப்டம்பர் அக்டோபர். நவம்பர் 1லேர்ந்து பிப்ரவரி முடியுற வரைக்கும் மீன் பிடிக்கவே விடமாட்டாங்க, ட்ரௌட் சரளைக்கல்லுல குழி பறிச்சு முட்டை விடுற காலம் அது, அந்தக் குழிய மிதிச்சாலே போச்சு. கண்டிப்பா இருக்க வேண்டிய தடை.

நாலாவது நாள் காலைல, குஷைனிக்கு மேல நடந்து போனா ஒரு கசம். எங்க ஊர்ல ஆத்துல ஆழமான இடத்த கசம்னுதான் சொல்லுவோம், அதுக்கு வேற வார்த்தை எனக்கு வரல. அந்தக் கசம் முடியுற இடத்துல ஒரு மீன் மேல வந்து எதையோ உறிஞ்சுச்சு, வட்டம் ஒண்ணு விரிஞ்சுது. சாச்சா நிம்ஃப கழட்டச் சொல்லிட்டு தண்ணி மேல மிதக்குற சின்ன ட்ரை ஃப்ளை ஒண்ணு குடுத்தாரு, சேவல் கழுத்து இறகு சுத்தினது. வீசுனேன், மெண்ட் பண்ணேன், நுரையோட நுரையா அது மிதந்து வருது, மூக்கு ஒண்ணு தெரிஞ்சுது, ஃப்ளைய காணோம். என் மணிக்கட்டு வெடுக்குன்னு சுண்டுச்சு. ஃப்ளை காத்துல பறந்து என் தோளுல வந்து விழுந்துச்சு. மீன் வாய மூடுறதுக்கு முன்னாடியே நான் பிடுங்கிட்டேன்.

கெண்டைக்கு சரியா இருந்த பழக்கம் இங்க உதவாது. ட்ரௌட் மேல வந்து எடுத்துட்டு தலைய கீழ திருப்பணும், அதுக்கப்புறம் ராட மெல்ல தூக்கினா போதும். சாச்சா எம் பின்னாடி வந்து நின்னு என் வலது முழங்கைய பிடிச்சுக்கிட்டாரு. சித்தப்பாவும் எனக்கு அஞ்சு வயசுல இப்படித்தான் பிடிச்சாங்க, அவங்க சுண்டுறதுக்கு பிடிச்சாங்க, இவரு சுண்டாம இருக்குறதுக்கு பிடிச்சாரு. ஒரு மணி நேரம் அந்த கசத்த சும்மா விட்டுட்டு உக்காந்திருந்தோம். ஆத்து நடுப்பாறையில டிப்பர்னு ஒரு குருவி, சாக்லேட் கலரு, குதிச்சு குதிச்சு நின்னுட்டு அப்படியே தண்ணிக்குள்ள நடந்து போய் புழுவோட வெளிய வந்துச்சு. அப்புறம் திரும்பவும் வட்டம். வீசுனேன். மூக்கு. "ருக்கோ... ருக்கோ... அப்!"

ராட் வளைஞ்சுது. அந்த கனத்த எப்படிச் சொல்றதுன்னே தெரியல, லைன் வழியா ஒரு உசுரு உள்ளங்கைக்குள்ள வந்து துடிக்குற மாதிரி. பத்து இஞ்சு இருக்கும், அவ்வளவுதான். கைய தண்ணில நல்லா நனைச்சுட்டுத்தான் தொட்டேன், காஞ்ச கை பட்டா மேல இருக்குற வழுவழுப்பு போயிரும், அப்புறம் நோய் வந்து செத்தாலும் செத்துரும். வெண்ணெய் கலர்ல வயிறு, பக்கவாட்டுல கருப்புப் புள்ளி, நடுநடுவுல குங்குமம் வச்ச மாதிரி சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு சிவப்ப சுத்தியும் வெளிறின நீலத்துல ஒரு வளையம். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல எலும்பே இல்லாத குட்டித் துடுப்பு ஒண்ணு, நம்ம கெண்டையில அது கிடையாது. முள்ளுல கொக்கி இல்ல, பார்ப்லெஸ், ஒரு திருகுல கழண்டுருச்சு. மீனோட மூஞ்சி ஓட்டத்த பாத்து இருக்குற மாதிரி பிடிச்சுட்டு நின்னேன், செவுள் ரெண்டு மூணு தடவ திறந்து மூடுச்சு, வால் என் விரல தள்ளிட்டு போயிருச்சு. என்னால கொஞ்ச நேரம் பேச முடியல.

இந்த மீன் இந்த ஊரு மீன் இல்ல, அதையும் சொல்லணும். பிரௌன் ட்ரௌட் ஐரோப்பாவுல இருந்து வந்தது. 1899ல காஷ்மீருக்கு அனுப்பின முட்டையெல்லாம் வழியிலேயே செத்துருச்சு, அடுத்த வருஷம் ஸ்காட்லாந்துலேர்ந்து வந்தது பொழச்சுது, ஃபிராங்க் மிட்செல்னு ஸ்ரீநகர்ல கம்பள ஃபேக்டரி வச்சிருந்தவர்தான் அத வளத்தெடுத்தாரு. அங்கேர்ந்து 1909ல குல்லுவுக்கு முட்டை வந்து, கட்ராயின் பக்கம் பொரிச்சு பியாஸ்லயும் அதோட கிளை ஆறுகள்லயும் விட்டாங்க. நம்ம நீலகிரியில இன்னும் முன்னாடியே, 1863லேயே ஃபிரான்சிஸ் டேங்குற மீன் ஆய்வாளர் முயற்சி பண்ணி நடக்கல, 1907 வாக்குல வில்சன்னு ஒருத்தர் அவலாஞ்சியில பொரிப்பகம் வச்சப்புறம்தான் ரெயின்போ ட்ரௌட் அங்க நிலைச்சுது. இதெல்லாம் படிக்க சாகசமா இருக்கு, ஆனா உலகத்துலயே மோசமான ஊடுருவல் உயிரினங்கள் நூறுன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல பிரௌன் ட்ரௌட்டும் உண்டு. இமயமலைக்குன்னே உள்ள ஸ்னோ ட்ரௌட், நம்ம கெண்டைக் குடும்பத்து மீன்தான், வாய் அடியில இருக்கும், கல்லுல ஒட்டுன பாசிய சுரண்டித் தின்னும், அது இன்னைக்கு ஆபத்துல இருக்கு. நான் ஆசையா தேடிப் போன மீன் அதோட இடத்தப் பிடிச்ச மீன். அஞ்சாவது நாள் ஆழமில்லாத ஓரத்துல ஸ்னோ ட்ரௌட் கூட்டம் ஒண்ணப் பாத்தேன், ராட கீழ வச்சுட்டு வெறுமன பாத்துட்டு இருந்தேன்.

ஆனா இந்த ஆறு இன்னும் ஓடுறதுக்கு ட்ரௌட்டும் ஒரு காரணம். சின்னச் சின்ன நீர்மின் திட்டங்கள் இங்க வரிசையா வர இருந்துச்சு, பஞ்சார் தொகுதி முன்னாள் எம்.எல்.ஏ. திலே ராம் ஷபாப் ட்ரௌட்டையும் ஒரு காரணமா காட்டி ஊர்க்காரங்களோட சேர்ந்து போராடி, விஷயம் ஹைகோர்ட் வரைக்கும் போய், தீர்த்தன்ல அந்தத் திட்டங்கள் வேண்டாம்னு ஆச்சு. மேல இருக்குற கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா 2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்துச்சு. பக்கத்துப் பள்ளத்தாக்குகள்ல சுரங்கத்துக்குள்ள தண்ணிய விட்டுட்டு வெறும் கல்லா கெடக்குற ஆத்தையும் வர்ற வழியில பாத்தேன், அதனால சொல்றேன். சாச்சா அந்தப் போராட்டத்துல ஊர்வலம் போனவரு. அதப் பத்தி பேசும்போது மட்டும்தான் அவரு குரல் உசந்துச்சு.

கெளம்புற அன்னைக்கு என் டப்பாவுல ஒரு ஃப்ளை வச்சாரு, அவரே கட்டினது, அவரு வீட்டுச் சேவலோட இறகு. காசு குடுத்தேன், வாங்கிக்கவே இல்ல.

ஊருக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சு கல்லிடைக்குறிச்சி போனேன். சித்தப்பாவுக்கு இப்போ எழுபத்தி ரெண்டு, முட்டி வலி, ஆனாலும் சாயங்காலமானா ஆத்துக்கு வந்துருவாங்க. நான் ராட எடுக்கல. முட்டளவு தண்ணில இறங்கி ஒரு கல்லப் புரட்டுனேன், ஒண்ணுமில்ல, இன்னொண்ணு, இன்னொண்ணு.

"ஏல, என்னத்தலே தேடுத?"

அஞ்சாவது கல்லுல இருந்துச்சு. தீர்த்தன்ல பாத்ததவிட சின்னது, மணல் சிவப்பு. உள்ளங்கையில கொஞ்சம் தண்ணியோட ஏந்திட்டுப் போய் அவங்க கையில மாத்தி விட்டேன். "குப்பைல்லா இது"ன்னாங்க. "கொஞ்சம் பொறுங்க சித்தப்பா"ன்னேன். கண்ணாடிய வேட்டியில துடைச்சு மாட்டிக்கிட்டு கைய கிட்ட கொண்டு வந்து பாத்துட்டே இருந்தாங்க. ரொம்ப நேரம் ஆச்சு. நானும் பேசல.

"ஏ... இது நடக்குல்லா!"